நாலு பேர் திறந்த ஒரே ஃபைல்

ஒரு ஃபைலை ஒருத்தர் திறந்தால் அது ஆபீஸ் வேலை. அதையே நாலு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் அது என் தலைவலி.

சங்கரன்கோவிலில் சின்னச் சின்ன ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பூ மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடை வைத்திருக்கிறேன். கரிவலத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறேன். பெரிய ஊர்களில் சர்வர் என்று ஒன்று இருக்குமாம், அதற்குத் தனி ஏசி ரூம் உண்டாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் சம்பளத்துக்கு இருப்பாராம். இங்கே அதெல்லாம் யார் தருவார்கள்? டேட்டாபேஸ் என்று ஒரே ஒரு ஃபைல். அது ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒயர் வழியாக வந்து அந்த ஃபைலில் எழுதிவிட்டுப் போகும். இதே கொடுமையில் மாட்டியிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது, புரிந்தாலும் சிரிப்பார்கள்.

நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிதான். ரிசப்ஷனில் பர்ஹானா, ஃபைல் இருந்தது அவள் கம்ப்யூட்டரில். லேபில் ஜோதி. மருந்துக்கடையில் முத்தையா அண்ணாச்சி. உள்ளே தன் அறையில் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியும் அவருடையது, கோபமும் அவருடையது. எனக்கும் மூக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். ஆனால் டாக்டரம்மா முன்னால் நான் பூனைக்குட்டி.

பர்ஹானாவைப் பற்றி மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையநல்லூர்ப் பெண். மாப்பிள்ளை சவூதியில் இருக்கிறார். அவள் வேலைக்கு வந்ததே பெரும்பாடு. "ஆஸ்பத்திரி வேலைதான, போயிட்டு வா. ஆனா உன்னைப் பத்தி ஒரு பேச்சு என் காதுக்கு வந்துச்சுன்னா அன்னையோட வீட்டுல இருந்துக்கிடணும்" என்று மாமியார் கண்டிஷன் போட்டுத்தான் அனுப்பியிருந்தார். ஒரு நாள் என்னிடம் அவளே சொன்னாள்: "வீட்டுல நான் மருமவ மட்டுந்தான்க்கா. இங்கன வந்தாத்தான் என் பேரைச் சொல்லி ஒரு ஆளு கூப்பிடுது."

சாப்பாட்டு நேரம்

ஆரம்பத்தில் அந்த ஃபைலுக்குள் நான் பூட்டு வைத்திருந்தேன். ஒரு நோயாளியின் பக்கத்தில் ஒருத்தர் எழுதத் தொடங்கினால், அவர் முடிக்கிறவரை வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதானே? நானும் அப்படித்தான் நினைத்து நிம்மதியாக இருந்தேன். ஒரு மத்தியானம் பர்ஹானா போனில் அலறினாள். பிரசவக் கேஸ் வந்திருக்கிறது, அட்மிஷன் போட விடமாட்டேன் என்கிறது, லேபுக்குச் சீட்டு போகவில்லை, டாக்டரம்மா கத்துகிறார். ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போய் நின்றால், வலியில் துடிக்கிற பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு அவள் அம்மா என்னை முறைக்கிறார். நானா பிரசவம் பார்க்கிறேன்? ஆனாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விசாரித்தால், முத்தையா அண்ணாச்சி அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து சத்து மாத்திரை என்று பாதி அடித்திருக்கிறார். அதற்குள் பசி வந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டு, கடை ஷட்டரையும் இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். கம்ப்யூட்டரும் ஷட்டருக்குள், சார்ஜில் போட்ட போனும் ஷட்டருக்குள், சாவி அவரிடம். ஆள் போய்க் கூட்டி வருவதற்குள் டாக்டரம்மா ஒரு பேப்பரில் கையால் எழுதி லேபுக்கு அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்து, "பூட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் எழுதுற மாதிரி தெறந்து விட்டுட்டுப் போ" என்று உத்தரவு போட்டார். அன்றைக்கே பூட்டை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து என்னிடம்தான் கோபித்துக்கொண்டார்: "நான் ரசஞ்சோறு திங்கப் போனதுக்கு ஒரு பிள்ளைத்தாச்சியை வாசல்ல நிப்பாட்டுதுன்னா, என்ன தாயி மிஷின் செஞ்சு வச்சிருக்க நீ?"

ஆளில்லாத கம்ப்யூட்டர்

ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊரே தேர் போல அசைந்துகொண்டிருக்கும். எங்கள் ரோட்டில் சைக்கிள்கூட நுழையாது. கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்கள், கால் மிதிபட்டவர்கள் என்று ஆஸ்பத்திரி நிறைந்திருந்தது. பஸ் கிடைக்காது என்று பர்ஹானாவுக்கு அன்றைக்கு லீவு கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் கம்ப்யூட்டர்களை யாரும் அணைக்காததால் காலையில் எல்லாம் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. திடீரென்று லேப், மருந்துக்கடை, டாக்டரம்மா அறை மூன்றும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. திரும்பப் போட்டால் ஃபைலே திறக்கவில்லை, உடைந்துவிட்டது. நான் ஸ்கூட்டரைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நீந்தித்தான் போனேன்.

உடைந்த ஃபைலைச் சரிசெய்யும்போது யாரும் தொடக் கூடாது. நான் பர்ஹானாவின் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் நின்றுகொண்டு டாக்டரம்மா, "போனதெல்லாம் வந்துருமா? பழைய நோயாளிங்க அத்தனை பேரும் அதுலதான் இருக்காங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் வந்துவிட்டது. காலையில் அடித்த சில பக்கங்களைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. அப்புறம்தான் யார் செய்த வேலை என்று தெரிந்தது. கூட்டிப் பெருக்கும் மாரியம்மக்கா ரிசப்ஷனைத் துடைக்கும்போது கம்ப்யூட்டரின் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார். ஃபைல் இருப்பதே அதில்தான் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? டாக்டரம்மா, "பர்ஹானா போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்று லீவில் இருந்தவள் தலையில் கொண்டுபோய் வைத்தார். மாரியம்மக்கா மட்டும் கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "பிள்ளை வரல, நாற்காலி காலியா கெடக்கு, ஆளில்லாத பெட்டிக்கு என்னத்துக்குக் கரண்டுன்னு அமத்திட்டேன். நல்லதுக்குக் காலமில்ல."

வேகமான காப்பி

லேப் ஜோதி பொறுமை இல்லாத பெண். ஒயர் வழியாக ஃபைல் வருவதால் அவள் கம்ப்யூட்டரில் பக்கம் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், அந்த ஃபைலை அப்படியே இழுத்துத் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி போட்டுக்கொண்டாள். பளிச் பளிச் என்று திறந்திருக்கிறது. அன்றைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லாம் அந்தக் காப்பியிலேயே அடித்துக்கொண்டு ஆனந்தமாக உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் ஒரு முடிவும் வரவில்லை.

காய்ச்சலில் கிடந்த தம்பிக்கு ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணு எவ்வளவு என்று தெரியாமல் ஒருவர் ரிசப்ஷன் மேஜையைத் தட்டு தட்டு என்று தட்டி, "ரத்தத்தை எடுத்துட்டு என்னட்டி செய்தீய, குடிச்சிட்டீயளா?" என்று பர்ஹானாவைப் பிடித்துக் கத்தினார். அவள் கண் கலங்கி நின்றாள். ஆஸ்பத்திரியில் எந்த மூலையில் எது நடந்தாலும் முதல் திட்டு வாசலில் இருக்கிறவளுக்குத்தானே. நான் போய்ப் பார்த்துக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜோதியை நாலு வாங்கு வாங்கினேன். தம்பிக்கு நல்லவேளை தட்டணு குறையவில்லை. இல்லாவிட்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கண்ணாடி எதுவும் மிஞ்சியிருக்காது. ஜோதி என் திட்டு முடியும்வரை தலையை ஆட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அதெல்லாம் சரிக்கா, இதே வேகத்துல எல்லாருக்கும் வர்ற மாதிரி செய்ய முடியாதா?"

இளையரசனேந்தல்காரரின் ஊசி

இதுவரை சொன்னதெல்லாம் விளையாட்டு. இனிமேல்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இளையரசனேந்தலில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் காலில் புண்ணோடு வந்தார். டாக்டரம்மா பார்த்தார், ஊசி எழுதினார். நர்ஸ் ஊசியோடு போய் நின்றபோது அவர், "இது பென்சிலின் இல்லையே தாயி? அது எனக்கு ஆகாது, மூச்சு நின்னுரும்னு வாசல்ல இருக்க பிள்ளைகிட்டச் சொல்லியிருந்தேனே" என்று கேட்டிருக்கிறார். அதுதான் ஊசி. நர்ஸ் ஊசியை வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒத்துக்காத மருந்து என்றால் அந்தப் பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் வரும். நான்தான் அப்படிச் செய்து கொடுத்திருந்தேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. கடைசியாக இந்தப் பக்கத்தை மாற்றியது யார் என்று கீழே ஒரு வரி வரும். அதுவும் நான் செய்ததுதான். அதில் இருந்த பெயர் பர்ஹானா.

டாக்டரம்மா ரிசப்ஷனுக்கே வந்துவிட்டார். நோயாளிகள் நிறைந்த ஹாலில் வைத்து, "ஒரு உசுரு போயிருக்கும். பெரியவர் வாயைத் தொறக்காம இருந்திருந்தா நான் ஜெயிலுக்குப் போயிருக்கணும். சனிக்கிழமையோட நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார். ஹாலில் பாதிப் பேர் கடையநல்லூர்க்காரர்கள். பர்ஹானா பஸ் ஏறுவதற்கு முன்பே செய்தி ஊர் போய்ச் சேர்ந்து, மாமியார் வாசல்படியிலேயே காத்திருந்திருக்கிறார். "அவுகளா நிப்பாட்டுனாகன்னு பேரு வேண்டாம், நாளைக்கே நீயா நின்னுக்கோ" என்றாராம். சனிக்கிழமை வரை போய்விட்டு வருகிறேன் என்று அழுது கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் மறுநாள் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ மறந்திருப்பாய் என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது. அவள் என்னை நேராகப் பார்த்தாள்: "அல்லாஹ் மேல சத்தியமா அடிச்சேன்க்கா. சிவப்பா வந்ததை என் கண்ணால பாத்தேன்."

முதல் பஸ்

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி திறக்கும்போதே போய் ரிசப்ஷனில் உட்கார்ந்துவிட்டேன். அடித்தது எப்படிக் காணாமல் போகும் என்று எனக்கு விளங்கவே இல்லை. பர்ஹானா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தன் கம்ப்யூட்டரைப் போட்டாள், தன் பாஸ்வேர்டை அடித்தாள். அப்புறம் எழுந்து லேபுக்குப் போனாள். அங்கே ஜோதியின் கம்ப்யூட்டரைப் போட்டு அதே பாஸ்வேர்டை அடித்தாள். சாப்பாட்டு நேர ரகளைக்குப் பிறகு அண்ணாச்சி கொடுத்து வைத்திருந்த சாவியால் மருந்துக்கடை ஷட்டரைத் திறந்து அங்கேயும் அடித்தாள். டாக்டரம்மா அறைக்குள் போய் அங்கேயும் அடித்தாள். நான் வாயில் ஈ போவது தெரியாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தவள் நான். ஒருத்தரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நாலும் அவள் பெயரில்தான் திறக்கின்றன; நாலில் யார் எதை மாற்றினாலும் பர்ஹானா என்றுதான் விழும். எனக்குப் பாதி உயிர் வந்தது, பாதி கொதித்தது. "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் பயந்துபோய்ச் சொன்னாள்: "அண்ணாச்சி தெனமும் பாஸ்வேர்டு மறந்துட்டு முழிச்சிக்கிட்டு நிப்பாவ. டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் அடிக்க நேரமிருக்காது. நான்தான முந்தி வாரேன், தொறந்து வச்சா எல்லாருக்கும் லேசா இருக்குமேன்னுதான்க்கா."

முதல் பட்டன்

டாக்டரம்மா வந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். தப்பு அவளுடையதாக இருக்க வேண்டியதில்லை, நாலில் எதுவாகவும் இருக்கலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். "அப்போ பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் கொடுத்ததும் அவதான்" என்றார். ஐயோ, காப்பாற்றப் போய் இன்னொரு குற்றத்தை அல்லவா சேர்த்துக் கொடுத்துவிட்டேன்! அவர் பிரசவ வார்டுக்குப் போய்விட்டார்.

அடுத்து லேபுக்கும் மருந்துக்கடைக்கும் போனேன். பூட்டை எடுத்துவிட்டதால், ஒரே பக்கத்தில் இரண்டு பேர் எழுதினால் கம்ப்யூட்டர் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். உங்களுக்கு முன்னால் இன்னொருவர் இதை மாற்றியிருக்கிறார். உங்களுடையதை வைத்துக்கொண்டு அவருடையதை அழிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா என்று இங்கிலீஷில் கேட்கும். அப்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். முதல் பட்டனில் சேவ் என்று இருக்கிறது, அதைத்தான் தட்டுவோம் என்றார்கள். அதைத் தட்டினால் முன்னால் எழுதியவருடையது அழிந்துவிடும். ஆனால் லேபிலும் மருந்துக்கடையிலும் ஒத்துக்காத மருந்து என்கிற இடத்தைப் பார்க்கலாமே தவிர, அவர்கள் சேவ் செய்தாலும் அந்த இடம் மாறாது. அதை மாற்றக்கூடியவை இரண்டே கம்ப்யூட்டர்கள்: ஒன்று ரிசப்ஷன், இன்னொன்று டாக்டரம்மாவுடையது. இதை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன். முத்தையா அண்ணாச்சி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்: "தாயி, நீ சொன்னது என் காதுலயும் விழல, நீயும் இங்கன வரல. போயிரு."

டாக்டரம்மா அறை

மத்தியானம் ஆகிவிட்டது. பர்ஹானா தன் டிபன் பாக்ஸ், குடை, தொழுகைக்கு விரிக்கிற துணி எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் டாக்டரம்மா அறைக் கதவு வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். போய் என்ன சொல்வது? நீங்கள்தான் அழித்தீர்கள் என்றா? அந்த ஆஸ்பத்திரியை நம்பித்தான் என் கடை வாடகையே ஓடுகிறது. அப்போது ஒரு அம்மா லேபிலிருந்து ரிசப்ஷனுக்கு வந்தார். நீர்க்கடுப்பு என்று காலையில் வந்து டாக்டரம்மாவைப் பார்த்தவர். லேபில் பரிசோதனை முடிந்து, முடிவுச் சீட்டு டாக்டரம்மா அறைக்குப் போனதும் திரும்புகிறார். "ஏ பிள்ளை, உள்ள சொல்ல மறந்துட்டேன். சல்பா மாத்திரை எனக்கு ஆகாது, வாயெல்லாம் வெந்துரும். எழுதிக்கிடு" என்றார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. டாக்டரம்மா முன்னால் யாருக்கும் வாய் வராது. கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, பர்ஹானாவைப் பார்த்ததும்தான் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். டாக்டரம்மாவோ பக்கத்தைத் திறந்து பாதி அடித்துவிட்டு, பிரசவ வார்டில் கூப்பிட்டார்கள் என்று அப்படியே போட்டுவிட்டுப் போவார். அந்த இடைவெளியில்தான் இவள் அடிக்கிறாள்; டாக்டரம்மா திரையில் நிற்பதோ அது இல்லாத பழைய பக்கம். பர்ஹானா என் கண் முன்னால் சல்பா என்று அடித்தாள். சிவப்பாக வந்தது. நான் பார்த்தேன்.

நேரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். டாக்டரம்மா வார்டிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் அதே அம்மாவின் பக்கம். காலையில் விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். லேப் முடிவு கையில் இருந்தது. "திரும்பவும் அவளுக்காகப் பேசத்தான வந்திருக்க? இது மளிகைக் கடை இல்ல கோமதி, பருப்பு மாறிப் போச்சுன்னு சமாதானம் சொல்றதுக்கு" என்று பேசிக்கொண்டே மாத்திரையின் பெயரை அடித்தார். எனக்குத் தெரிந்த பெயர். சல்பா. திரையில் பெட்டி வந்தது. பேச்சை நிறுத்தாமல், அதைப் பார்க்கக்கூடச் செய்யாமல், முதல் பட்டனைத் தட்டினார். பெட்டி போய்விட்டது.

"மேடம், அந்த அம்மாகிட்ட சல்பா ஆகுமான்னு கேளுங்க" என்று மட்டும் எப்படியோ சொன்னேன். "ஆகாதுன்னா சிவப்பா வந்திருக்குமே" என்றார். "வந்துச்சு மேடம். இப்பத்தான் வந்துச்சு. நீங்க இப்ப ஒரு பட்டனைத் தட்டினீங்கள்ல, அதுல போயிருச்சு." அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பக்கத்தை மூடித் திரும்பத் திறந்தார். உச்சியில் ஒன்றுமில்லை. கீழே, கடைசியாக மாற்றியவர்: பர்ஹானா. கதவு திறந்தே கிடந்தது. வெளியே பர்ஹானா அந்த அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இல்லை. டாக்டரம்மா சல்பாவை எடுத்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்: "அப்போ அந்த இளையரசனேந்தல்காரருக்கு நான்தான் அழிச்சு, நான்தான் ஊசி எழுதியிருக்கேனா?"

ஸ்பீக்கர் போன்

பர்ஹானாவை உள்ளே கூப்பிட்டார். அவள் கையில் கட்டைப்பையோடு வந்து நின்றாள். சம்பளத்தைக் கொடுத்து அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பாள். "நீ போக வேண்டாம். திங்கக்கிழமை எப்பவும் போல வா" என்றார் டாக்டரம்மா. மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்து பழக்கமும் இல்லை. இவள் காலில் விழுந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நகரவில்லை.

"என்னால வர முடியாது மேடம்" என்றாள். கட்டைப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க என்னை ஹால்ல வச்சுச் சொன்னீங்க. அது எங்க மாமி வரைக்கும் போயிருச்சு. இப்ப நான் போய் என் மேல தப்பு இல்லைன்னு சொன்னா ஒரு ஆளும் நம்பாது. நீங்களே மாமிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க." டாக்டரம்மாவிடம் அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு கையை நீட்டினார். பர்ஹானா நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தாள்.

டாக்டரம்மா தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் மாமியார் கடகடவென்று ஆரம்பித்துவிட்டார். "தெரியும் டாக்டரம்மா, பிள்ளை தப்புப் பண்ணிட்டா, சின்னப் பிள்ளை, இன்னையோட நின்னுக்கிடுவா, நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க." டாக்டரம்மா குறுக்கே புகுந்தார். "இல்லைங்க. தப்பு உங்க மருமக பண்ணல. நான்தான் பண்ணினேன். பேரு மட்டும் அவ பேரா விழுந்துருச்சு." அதைச் சொல்லும்போது அவர் பர்ஹானாவைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் மாமியாரின் குரல் வந்தது, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோல: "அப்படின்னா உங்களை யாரு டாக்டரம்மா வேலையை விட்டு நிப்பாட்டுவா?"

ஒரே ஃபைலை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வித்தையை நான் யாருக்கும் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். பழியைப் பங்கு போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கத்தான் கடையநல்லூரிலிருந்து ஒரு மாமியார் போனில் வரவேண்டியிருந்தது.